மாசி முதல் வைகாசி வரை காற்றும் காட்டுத் தீயும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கத்திரி பிறந்தால்தான் காடு எரியும் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளுக்கு ஆபத்தான காலம் பிப்ரவரி பின்பாதியில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது பெரும்பாலான ஆண்டுகளில் ஓரிரண்டு கோடை மழை விழுந்திருக்கும். வெயில் உச்சத்தில் இருந்தாலும் காய்ந்த புல்லின் அடியில் பச்சை தலைகாட்டியிருக்கும். ஆகவே வெயிலை மட்டும் வைத்துத் தீ அபாயத்தைக் கணக்குப் போடுபவர் தாமதமாகத்தான் விழித்துக்கொள்வார். புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மதியக் காற்றில் ஈரம் எவ்வளவு, காற்று எந்தத் திசையில் என்ன வேகத்தில் அடிக்கிறது: இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

காட்டை ஒட்டிக் கொல்லையோ தோப்போ வைத்திருப்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், பசுமைக்குடில் நடத்துபவர்கள், மலையோர ஊராட்சிகளில் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

பருவம் எப்படி நகர்கிறது

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் இறுதியில் ஓய்ந்ததும் காட்டுக்குள் வளர்ந்து நிற்கும் புல் மஞ்சளாகத் தொடங்கும். தை மாதப் பனி கொஞ்ச காலம் காப்பாற்றும். காலையில் புல் நுனியில் பனி நிற்கும்வரை பெருந்தீ எளிதில் பிடிக்காது. மாசியில் பனி விலகும். இரவு குளிர், பகல் சூடு என்ற இடைவெளி விரியும்போது மதியக் காற்றின் ஈரப்பதம் கிடுகிடுவென்று இறங்கும். அதே நாட்களில் இலையுதிர் காடுகள் இலையைக் கொட்டிவிடும். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, பென்னாகரம், தொப்பூர், அரூர், சித்தேரிப் பக்கக் காடுகள் பெரும்பாலும் இந்த வகைதான், இடையிடையே முள்காடு. தரையில் சருகு, அதன்மேல் நெஞ்சளவு புல், அதற்குமேல் உண்ணிச்செடி, அதற்குமேல் மூங்கில். தரையில் பிடித்த தீ உண்ணிச்செடியைப் பிடித்துக்கொண்டுதான் மரத்தின் தலைக்கு ஏறுகிறது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது; தருமபுரி நகரம் ஏறத்தாழ அதில் பாதி உயரம். இதனால் ஒரே நாளில் தளியில் இதமாகவும் அரூரில் அனலாகவும் இருக்கும். ஆனால் இதமான இடத்தில் தீ பிடிக்காது என்று எண்ண வேண்டாம். மேட்டில் காற்று தடையின்றி அடிக்கும், வெயில் குறைவாக இருந்தாலும் புல் அதே அளவுக்குக் காயும்.

பங்குனியிலிருந்து இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். மதியம் வரை கொளுத்தி, மூன்று நான்கு மணிக்கு மேகம் கூடி, இடியோடு சூறைக்காற்று. உள் கர்நாடகத்திலிருந்து உள் தமிழகம் வழியாக நீளும் காற்றுத் திசை மாறுபாட்டுப் பகுதி (வெவ்வேறு திசைக் காற்றுகள் சந்திக்கும் நீண்ட பட்டை) என்று வானிலை அறிக்கையில் வருமே, அது நம் மாவட்டங்களின் மேலோ பக்கத்திலோ இருந்தால் அன்று மாலை கவனமாக இருக்க வேண்டும். மழைக்கு முன்னால் வரும் காற்று மழையைவிடப் பரந்த இடத்தில் அடிக்கும். உங்கள் ஊரில் ஒரு துளி விழாமல், அடுத்த ஊர் மழையின் காற்று மட்டும் வந்து தீயைத் திருப்பிவிட்டுப் போகலாம்.

படி 1: வானிலை அறிக்கையைச் சரியாகப் படியுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் சில சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள். 'ஒருசில இடங்களில்' என்றால் கால்பங்கு முதல் பாதிவரை. அதற்குமேல் 'அநேக இடங்களில்', முக்கால்பங்குக்கு மேல் போனால் 'பெரும்பாலான இடங்களில்'. ஆகவே 'தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை' என்று படித்துவிட்டு, நாளை மழை வந்து அணைத்துவிடும் என்று இன்று வரப்பைக் கொளுத்துவது சூதாட்டம். மழை வராமல் போகவே வாய்ப்பு அதிகம். காற்று மட்டும் வரக்கூடும்.

'மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று' என்று அறிக்கையில் வந்தால், அது இடிமேகத்தோடு வரும் திடீர் வேகம். நாள் முழுக்க அப்படி அடிக்கும் என்று பொருளில்லை. காற்று திடீரென்று குறைந்தது 29 கிலோமீட்டர் கூடி, 40ஐத் தொட்டு அல்லது தாண்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் வானிலைத் துறை அதைச் சூறைக்காற்று என்று கணக்கில் எடுக்கிறது. பயிரைச் சாய்க்கவும் தகரத்தைக் கிளப்பவும் அந்த ஒரு நிமிடம் போதும்.

கைப்பேசியில் மூன்று செயலிகள் போதும். 'மேக்தூத்' மாவட்ட அளவில் ஐந்து நாள் முன்னறிவிப்பும், செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் அறிவுரையும் தரும். 'தாமினி' மின்னலுக்கு. 'டிஎன் அலர்ட்' தமிழில் எச்சரிக்கை தரும். இவற்றோடு வானிலைத் துறையின் மூன்று மணி நேர உடனடி முன்னறிவிப்பை மதியம் ஒரு மணிக்கு ஒருமுறையும் நான்கு மணிக்கு ஒருமுறையும் பார்க்கும் பழக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்குப் பார்த்த அறிக்கையை வைத்து மாலைவரை ஓட்டுவதுதான் வழக்கமான தவறு. கோடை இடிமேகம் காலையில் இருக்காது, மதியத்துக்குமேல்தான் உருவாகும்.

படி 2: உங்கள் கொல்லையில் நீங்களே அளந்து பாருங்கள்

அறிக்கை மாவட்டத்துக்கு, தீ பிடிப்பது உங்கள் வேலியோரம். மூன்று அளவுகளை வீட்டிலேயே எடுக்கலாம்.

முதலில் புல். நிழலில் இருக்கும் புல்லை ஒரு கைப்பிடி பறித்து முறுக்குங்கள். மடங்கி வளைந்தால் ஈரம் இருக்கிறது. சடசடவென்று முறிந்து உள்ளங்கையில் தூளாக உதிர்ந்தால், ஒரு பீடித் துண்டு போதும். வெயிலில் நிற்கும் புல்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அது எப்போதும் காய்ந்துதான் இருக்கும். நிழல் புல்லும் முறியத் தொடங்குகிற நாளிலிருந்து உங்கள் ஊருக்குத் தீக்காலம் பிறந்துவிட்டது.

அடுத்து ஈரப்பதம். கடையில் கிடைக்கும் இரண்டு சாதாரண வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி நனைத்து, இரண்டையும் நிழலில் வைத்து மூன்று நிமிடம் நன்றாக விசிறுங்கள். விசிறாமல் விட்டால் நனைந்த வெப்பமானி போதுமான அளவு இறங்காது, காற்றில் ஈரம் அதிகம் என்று தப்பாகக் காட்டும். நம் உயரத்துக்குத் தோராயக் கணக்கு இது: காய்ந்தது 34, நனைந்தது 24 டிகிரி என்றால் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு அருகில். 36க்கு 22 என்றால் ஏறத்தாழ 30 சதவீதம். 38க்கு 21 என்றால் 20ஐ ஒட்டி இறங்கிவிட்டது. வித்தியாசம் 14 டிகிரியைத் தொட்ட மதியத்தில் எந்த நெருப்பும் வேண்டாம்.

மூன்றாவது காற்று. கருவி தேவையில்லை, மரத்தைப் பார்த்தாலே தெரியும். இலையும் சிறு கிளையும் விடாமல் அசைந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28. சிறு மரங்கள் முழுசாக ஆடினால் 29 முதல் 38. மின்கம்பி சீழ்க்கை அடித்தால் 39க்கு மேல். எதிரே நடக்கச் சிரமமாக இருந்தால் 50ஐத் தாண்டிவிட்டது.

உலகம் முழுவதும் தீயணைப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய கணக்கு உண்டு: வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று 30 கிலோமீட்டருக்கு மேல். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கையால் கட்டுப்படுத்த முடியாத தீ. நம் ஊரில் மார்ச் மாத மதியங்களில் முதல் இரண்டும் பல நாள் தானாகவே அமைந்துவிடுகின்றன. மிச்சம் காற்று ஒன்றுதான்.

படி 3: தீத்தடுப்புக் கோடு

வேறு எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். சனவரி கடைசி வாரத்துக்குள் முடித்துவிட்டால் நல்லது. புல் முழுசாகக் காயும் முன் வெட்டுவதும் எளிது, வெட்டியதை மாட்டுக்கும் போடலாம்.

கோடு என்றால் புல்லை அரிந்துவிட்ட பாதை அல்ல. மண் தெரிய வேண்டும். அரிந்த புல்லின் தாள் இரண்டு அங்குலம் நின்றாலே தீ அதன்மேல் ஊர்ந்துவிடும். மண்வெட்டியாலோ டிராக்டர் கலப்பையாலோ சுரண்டிப் புரட்டிவிட வேண்டும். சமதளத்தில் முழங்கால் உயரப் புல்லுக்குக் குறைந்தது 3 மீட்டர் அகலம். இடுப்பளவுப் புல்லுக்கு 5 முதல் 6 மீட்டர். உங்கள் நிலம் மேட்டில் இருந்து, காடு கீழே சரிவில் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இரட்டிப்பு அகலம் வேண்டும். காரணம், தீ மேட்டில் ஏறும்போது தழல் சாய்ந்து முன்னால் இருக்கும் புல்லைச் சுட்டுக் காயவைத்துக்கொண்டே போகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. பகலில் காற்றும் அடிவாரத்திலிருந்து மேலே ஏறும், இரவில்தான் இறங்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்று 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் காய்ந்த புல் மூடிய மலைச்சரிவில்தான்.

வழக்கமாக எங்கே தவறுகிறது என்றால், வெட்டிய சருகையும் முள்ளையும் கோட்டின் ஓரத்திலேயே குவித்துவிடுகிறார்கள். தீ வந்து அந்தக் குவியலைப் பிடித்தால் பொறி கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் விழும். குவிப்பதாக இருந்தால் கொல்லையின் உள்ளே, உழுத நிலத்தின் நடுவே கொண்டுபோய்க் குவியுங்கள். இன்னொரு தவறு, சனவரியில் வெட்டிவிட்டு மறந்துபோவது. மார்ச்சில் காற்று சருகைக் கொண்டுவந்து கோட்டை மறுபடி நிரப்பிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விளக்குமாறால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் போதும்.

காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே நீங்களாகக் கோடு வெட்டவோ கோட்டை எரிக்கவோ கூடாது. அது வனத்துறையின் வேலை. வனச்சரக அலுவலகத்தில் சொன்னால், அவர்கள் தரப்புக் கோடு எங்கே போகிறது என்று காட்டுவார்கள். உங்கள் கோட்டை அதோடு இணைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இடையில் பத்தடி விட்டுப்போனால் தீ அந்தப் பத்தடி வழியாகத்தான் வரும்.

மாந்தோப்பில் வரிசைகளுக்கு இடையே பிப்ரவரிக்குள் ஒரு உழவு ஓட்டிவிடுங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் தண்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் மண் தெரியட்டும். மூடாக்கு போட்டிருந்தால் தண்டை ஒட்டிப் போடாமல் விலக்கிப் போடுங்கள். முழு மரம் எரிவது அரிது. ஆனால் தரைத்தீ ஒன்று ஓடிப்போனாலே அடிப்பட்டை வெந்து, பூவும் பிஞ்சும் கருகி, அந்த ஆண்டு மகசூல் போய்விடும். சொட்டுநீர்க் குழாய்தான் முதல் பலி. 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் புல்லுக்குள் மறைந்து கிடந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும், ஒரு ஏக்கருக்கு மறுபடி இழுக்க வேண்டிவரும். குழாய் ஓடும் வழியை மட்டுமாவது புல்லில்லாமல் வையுங்கள்.

வைக்கோல் போர், கேழ்வரகுத் தாள், சோளத்தட்டுப் போர் ஆகியவை வீட்டிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி, சுற்றிலும் 5 மீட்டர் மண்தரையோடு இருக்கட்டும். மின்கம்பிக்கு அடியில் போர் போடுவதை இன்னும் பல கொல்லைகளில் பார்க்கலாம். காற்றில் இரண்டு கம்பிகள் உரசிப் பொறி விழுந்தால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

படி 4: எரிக்காமல் முடியுமா என்று முதலில் பாருங்கள்

நம் காடுகளில் தானாகப் பிடிக்கும் தீ மிக அபூர்வம். வரப்புக் கொளுத்துவது, கரும்புத் தோகை எரிப்பது, புதுப்புல் முளைக்கும் என்று மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைப்பது, தேன் எடுக்கப் பிடித்த தீப்பந்தம், சாலையோரம் வீசிய பீடி, இவைதான் தொடக்கம். புதுப்புல் கணக்கு ஒரு பருவத்துக்குச் சரியாகவே தோன்றும். சாம்பலில் பச்சை சீக்கிரம் வரும். ஆனால் ஆண்டுதோறும் எரிந்த சரிவில் மேல்மண் மழையோடு இறங்கிவிட, மாடு தின்னும் புல் குறைந்து, தின்னாத உண்ணிச்செடி பரவும். மேய்ப்பவருக்கே நட்டம்.

தோட்டக் கழிவை மட்கவைக்க, வேளாண் அலுவலகங்களில் பேசப்படும் 'வேஸ்ட் டிகம்போசர்' என்ற நுண்ணுயிர்க் கலவை நல்ல வழி. 200 லிட்டர் பீப்பாய் நீரில் 2 கிலோ வெல்லம், ஒரு சிறு புட்டி டிகம்போசர். தினம் இருமுறை மரக்கோலால் கலக்கினால் ஐந்து முதல் ஏழு நாளில் தயார். கோடையில் இது தோற்பதற்கு ஒரே காரணம் குவியல் காய்ந்துபோவது. கரைசலை ஊற்றிவிட்டு அப்படியே விடாமல், பிழிந்தால் இரண்டு சொட்டு வரும் ஈரத்தில் வைத்திருக்க வேண்டும்.

எரித்தே ஆக வேண்டும் என்றால், காட்டெல்லையிலிருந்து தள்ளியிருக்கும் சொந்த நிலத்தில், வனச்சரக அலுவலகத்திலும் பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் சொல்லிவிட்டு, இப்படிச் செய்யுங்கள்:

1. காலை 6 மணிக்கு மேல் தொடங்கி, 9 மணிக்குள் முடியும் அளவு மட்டும். பத்து மணிக்குமேல் காற்று எழும்பும். மாலையில் கொளுத்துவது பாதுகாப்பு என்று நம்புவது தவறு. இரவெல்லாம் கனன்று, மறுநாள் மதியக் காற்றில் எழுந்துகொள்ளும்.

2. குவியல் இடுப்பளவைத் தாண்ட வேண்டாம். சுற்றி 2 மீட்டர் மண்தரை, அதற்கு வெளியே ஒரு சுற்று நீர் தெளிப்பு.

3. குறைந்தது இரண்டு பேர், 16 லிட்டர் கைத்தெளிப்பான் இரண்டு, 200 லிட்டர் நீர், ஆளுக்கொரு மண்வெட்டி. பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைக் கழுவாமல் கொண்டுவராதீர்கள், அந்த ஆவி மூக்கில் ஏறும்.

4. வரப்பு எரிப்பதாக இருந்தால் காற்று போகும் பக்கத்து முனையில் பற்றவையுங்கள். தீ காற்றை எதிர்த்து மெல்ல ஊரும். தழல் முழங்காலைத் தாண்டாது. காற்று வரும் பக்கம் பற்றவைத்தால் ஓடிப் பிடிக்க முடியாது.

5. அணைத்தபின் நீரூற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி நீரூற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் வேலை முடியவில்லை. மதியம் ஒரு மணிக்கு மறுபடி போய்ப் பார்க்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

காப்புக்காட்டுக்குள் தீ வைப்பது தமிழ்நாடு வனச்சட்டம் 1882இன்படி குற்றம். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு சரணாலயமும் 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயமும் நம் மாவட்டங்களில்தான் இருக்கின்றன. அவற்றுக்குள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 30ஆவது பிரிவும் சேரும். அங்கே அணையாமல் விட்டுவந்த அடுப்புக்கூட அந்தப் பிரிவில் அகப்படும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டிச் சமைப்பவர்களும், தொப்பூர் கணவாயில் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 5: புகை தெரிந்தால்

முதலில் தொலைபேசி, பிறகுதான் தீயை அமுக்கும் தழை. வனச்சரக அலுவலக எண்ணையும் உங்கள் பீட் வனக்காப்பாளர் எண்ணையும் பிப்ரவரியிலேயே வாங்கி, ரேஷன் கடைச் சுவரிலும் பால் சொசைட்டியிலும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். அவை கிடைக்காவிட்டால் 101 அல்லது 112. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

'காடு எரியுது சார், சீக்கிரம் வாங்க' என்று சொல்லி வைத்துவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லுங்கள்: "சார், ஊர் ஏரிக்கு மேற்கால இருக்கிற கரட்டுல தீ. அடிவாரத்துலருந்து பாதி ஏறிடுச்சு. புகை வடக்கால சாயுது. தெக்குப் பக்கம் மண்பாதை இருக்கு, ஜீப் வரும். மேல ஆடு மேய்க்கிறவங்க ரெண்டு பேர் இருக்காங்க, கீழ இறங்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கோம்." இடம், அளவு, காற்று, வழி, ஆள் ஆகிய ஐந்தும் இதில் வந்துவிட்டன. கைப்பேசி வரைபடத்தில் இருப்பிடத்தையும் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. இந்திய வன ஆய்வு நிறுவனம் தரும் தீ எச்சரிக்கைக்கும் நாசாவின் ஃபர்ம்ஸ் என்ற இணையத் தீ வரைபடத்துக்கும் அடிப்படையான, செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவி, நம் தலைக்குமேல் மதியம் 1.30ஐ ஒட்டியும் நள்ளிரவு 1.30ஐ ஒட்டியும்தான் கடக்கிறது. மூன்று மணிக்குப் பிடித்த தீ அதன் கண்ணில் படப் பத்து மணி நேரம் ஆகலாம். வரைபடத்தில் தெரியும் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். செங்கல் சூளையும் கரும்புத் தோகையும்கூட அதே மாதிரிதான் தெரியும். ஆனால் முந்தைய நாள் தீ எந்தப் பக்கம் நகர்ந்தது என்று காலையில் பார்க்க அது உதவும்.

நீங்களே அணைக்கலாமா? தழல் இடுப்பளவுக்குக் கீழ் இருந்தால் மட்டும். 1.2 மீட்டரைத் தாண்டிய தழலின் முன்னால் கைக்கருவியோடு நிற்க முடியாது. ஏற்கெனவே எரிந்து முடிந்த வால்பக்கத்திலிருந்து தொடங்கி, இரு விலாவிலும் பச்சைத் தழையால் அமுக்கி அமுக்கி முன்னேறுங்கள். ஓங்கி அடித்தால் பொறி பறந்து உங்கள் பின்னால் விழும். பருத்தி உடை, மூடிய காலணி. நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டும். முகத்தில் கட்டும் துணி காய்ந்ததாகவே இருக்கட்டும். நனைத்துக் கட்டினால் அனலில் ஆவியாகி மூச்சுக்குழாயைச் சுடும்.

தப்பிக்க வேண்டி வந்தால் மேட்டில் ஏறாதீர்கள். ஓடைப் பள்ளத்துக்குள்ளும் இறங்காதீர்கள், பள்ளம் தீயை உறிஞ்சி இழுக்கும். உழுத கொல்லை, பாறை, ஏற்கெனவே கரிந்த நிலம், இந்த மூன்றும்தான் பாதுகாப்பு. மேகம் இருண்டு, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் அணைப்பதை அந்த நொடியே விட்டுவிட்டுக் கரிந்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். அதுவரை ஓரமாக ஊர்ந்த தீ இரண்டு நிமிடத்தில் காற்றோடு முன்னால் பாயும் தலைத்தீயாக மாறும். பொழுது சாய்ந்தபின் ஊர்க்காரர்கள் காட்டுக்குள் போகவே வேண்டாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் தீக்கு விலகி ஓடும் யானைக்கூட்டம் அதே பாதையில்தான் இறங்கும்.

படி 6: சூறைக்காற்றுக்கு முன்னேற்பாடு

சித்திரையில் தீ அபாயம் குறையக் குறையக் காற்றுச் சேதம் கூடும். வாழைக்கு முட்டு ஒன்றுக்கு இரண்டாக, கத்தரிக்கோல் வடிவில், தார் சாயும் பக்கம் கொடுங்கள். காற்று எச்சரிக்கை உள்ள நாளில் வாழைக்கும் பப்பாளிக்கும் நிறையத் தண்ணீர் கட்டாதீர்கள். மண் இளகி வேரோடு சாய்வது அப்படித்தான். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத் தக்காளிப் பந்தலில் நடுக்கம்பு உடைவதைவிட ஓரக்கம்பு பிடுங்கிக்கொள்வதுதான் அதிகம். இரு முனைக் கம்புகளுக்கும் வெளிப்பக்கம் சாய்வாக இழுகம்பி கட்டினால் வரிசை முழுவதும் நிற்கும்.

மாவில் பிஞ்சு உதிர்வதை முழுசாகத் தடுக்க முடியாது. காற்று வரும் பக்கத்தில் சவுக்கு அல்லது சில்வர் ஓக் இரண்டு வரிசை இருந்தால், அந்த வரிசையின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை தோப்புக்குக் காவல். ஆனால் காட்டெல்லைப் பக்கம் சவுக்கு வைக்காதீர்கள், அதன் சருகு நல்ல எரிபொருள். விழுந்த காயை அன்றே பொறுக்கி, அடிபட்டதைத் தனியாக ஊறுகாய்க்குத் தள்ளிவிடுங்கள். அடிபட்டது ஒன்று கூடையில் கலந்தால் மூன்றாம் நாள் பக்கத்தில் இருப்பதும் அழுகும்.

ஓசூர், தளிப் பக்கப் பசுமைக்குடில்களில் காற்று வரும் பக்கத்துத் திரையைத் திறந்துவைத்து எதிர்ப்பக்கத்தை மூடிவைத்தால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைத் தூக்கும். எச்சரிக்கை வந்ததும் நான்கு பக்கமும் முழுசாக இறக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாளைப் பிடிக்கும் நெளிகம்பி ஓரிடத்தில் வெளியே வந்திருந்தாலும் கிழிசல் அங்கேதான் தொடங்கும், மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கொட்டகைத் தகரத்தின்மேல் கல் வைப்பதை நிறுத்திவிட்டு, ரப்பர் வாஷர் போட்ட கொக்கி ஆணி முடுக்குங்கள். தகரம் எழும்பினால் அந்தக் கல்தான் ஆளைக் காயப்படுத்தும்.

தொய்ந்த மின்கம்பி, அதில் உரசும் தென்னை மட்டை, மாங்கிளை எதையும் நீங்களே வெட்டாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் மின்கம்ப எண்ணோடு புகார் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியிலும் சுற்றிலும் புல் சேரவிடாமல் ஊராட்சியே பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மின்னலுக்கு ஒரே கணக்கு: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவென்றால் உள்ளே போய்விடுங்கள், கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் வெளியே வராதீர்கள். மாங்காய் பறிப்பவர்கள் முதல் இடியிலேயே மரத்தைவிட்டு இறங்க வேண்டும். புளியமரத்தடி ஒதுங்கும் இடமல்ல.

படி 7: மழை பெய்த பின்

முதல் கோடை மழை 5 மில்லிமீட்டரோ 10 மில்லிமீட்டரோ பெய்ததும் தீக்காலம் முடிந்ததாக எண்ண வேண்டாம். காய்ந்த புல் அடுத்த நாள் மதியமே பழையபடி முறியத் தொடங்கும். பெருங்கட்டையின் உள்ளே கனல் பல நாள் கிடக்கும். நிழல் புல் முறுக்கும்போது வளைகிறதா என்ற பழைய சோதனையை மறுபடி செய்து, ஒரு வாரம் தொடர்ந்து வளைந்தால் காவலைத் தளர்த்தலாம்.

காற்றிலோ ஆலங்கட்டியிலோ பயிர் போயிருந்தால் சுத்தம் செய்யத் தொடங்கும் முன் படம் எடுங்கள்: தோப்பின் முழுத் தோற்றம் ஒன்று, சாய்ந்த மரம் அடியோடு தெரிய ஒன்று, உதிர்ந்த காய் ஒரு மரத்தடியில் எவ்வளவு என்று காட்ட ஒன்று. தேதியும் இருப்பிடமும் படத்தில் பதியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை அலுவலகத்துக்கும் அன்றே தகவல் தர வேண்டும். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஆலங்கட்டி போன்ற உள்ளூர் இடருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். சனிக்கிழமை மாலை அடித்த காற்றுக்குத் திங்கட்கிழமை அலுவலகம் திறக்கட்டும் என்று காத்திருந்தால் அதில் பாதி நேரம் போய்விடும். உதவி எண்ணிலோ செயலியிலோ ஞாயிறன்றே பதிந்துவிடுங்கள்.